பின் சீட்டில் ஒரு சிங்கம்

பிப்ரவரி 11

அன்புள்ள கணீருக்கு,

மாமா எழுதுவது. மயங்கி விழாதே, எனக்கும் எழுதத் தெரியும். எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன் என்று உன் அம்மா சொல்லித் திரிகிறாளே, அதில் பாதிதான் உண்மை. பள்ளிக்கூடம்தான் என்னைத் தாங்க முடியாமல் விட்டது. கடைசியாக நான் கடிதம் எழுதியது உன் அத்தைக்கு. அதைப் படித்துவிட்டுத்தான் என்னைக் கட்டிக்கொண்டாள் என்றால் என் எழுத்தின் சக்தியை நீயே யோசித்துக்கொள். (தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "பாவம்னு கட்டிக்கிட்டேன்" என்கிறாள். நீ கண்டுகொள்ளாதே.)

எத்தனை முறை கூப்பிட்டாலும் நீ எடுக்கவில்லை. கோபமாக்கும் என்று நானும் முறுக்கிக்கொண்டு இருந்தேன். நேற்று உன் அம்மா வந்து விஷயத்தைச் சொன்னாள். போனைத் துண்டில் சுற்றி அலமாரியில் பூட்டிவிட்டாயாம். மணி அடித்தால் கை நடுங்குகிறதாம். பக்கத்து வீட்டுப் போன் அடித்தால்கூடக் குளியலறைக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாயாம். நவம்பரில் மழை கொட்டிய ஒரு மத்தியானம் வேலையில் ஏதோ ஒரு அழைப்பு, அதற்குப் பிறகுதான் இப்படி என்றாள். ஜூன் வரைக்கும் லீவு, அதற்குள் திரும்பவில்லை என்றால் வேலை போய்விடும் என்றும் சொன்னாள்.

அது எப்படிப் போகும்? ஆம்புலன்ஸுக்குக் கூப்பிடுகிற ஜனங்களுக்குப் பதில் சொல்கிற நாற்காலியில் உன்னைவிட்டால் யார் உட்கார முடியும்? ஊரில் பாதி உயிர் உன் தொண்டையில்தான் நிற்கிறது என்று என் டிரைவிங் ஸ்கூலுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். போன வாரம் அதை முக்கால்வாசி உயிர் என்று உயர்த்தினேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

கண் டாக்டரிடம் போகிறாயாமே? எந்தக் கண்? போனுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? எதற்கும் கேரட் சாப்பிடு.

மனசு சரியில்லாதபோது நம்ம சிங்கக்காரனை நினைத்துக்கொள். சர்க்கஸில் தினமும் சிங்கத்தின் வாய்க்குள் தலையை விடுகிறவன், என்னிடம் கார் ஓட்டப் படிக்க வந்து, ரவுண்டானாவில் லாரியைப் பார்த்ததும் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டானே! "சிங்கத்துக்கிட்ட எப்படிடா போவே?" என்றேன். "பேசிக்கிட்டே போவேன் சார்." "அப்ப லாரிகிட்டயும் பேசு." ஜன்னலை இறக்கிவிட்டு, "உட்காரு ராஜா, உட்காரு" என்றான். அத்தனை லாரியும் நின்றது. பின் சீட்டில் உட்கார்ந்திருந்த அவனுடைய சிங்கம் வெளியே கையை நீட்டி சிக்னல் காட்டியது. நான் இதைச் சொல்லும்போதெல்லாம் நீ என் வண்டியின் பின் சீட்டில் பள்ளிக்கூடப் பையோடு உட்கார்ந்துகொண்டு, "அப்புறம்? அப்புறம்?" என்று என் உயிரை எடுப்பாய். அந்தக் கணீர்க் குரலுக்குத்தானே நான் உனக்கு அந்தப் பேரே வைத்தேன்.

பதில் போடு.

உன் மாமா,
தலைமைப் பயிற்சியாளர் (வேறு பயிற்சியாளர் யாரும் இல்லை என்பது வேறு விஷயம்)


பிப்ரவரி 20

மாமா,

உங்கள் கடிதம் வந்தது. கடிதத்துக்கு மணி இல்லை என்பது எவ்வளவு நிம்மதி என்று உங்களுக்குப் புரியாது. வாசலில் கிடந்தது, நான் நினைத்தபோது எடுத்தேன், நினைத்தபோது பிரித்தேன். இப்படியே எழுதுங்கள்.

அது கண் டாக்டர் இல்லை. மனநல ஆலோசகர். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, கேரட்டை அத்தைக்குக் கொடுங்கள். இந்தச் சிகிச்சையில் மனதில் அடைபட்டுப்போன நினைவை எடுத்து வைத்துக்கொண்டு, ஆலோசகர் விரலை இடமும் வலமும் அசைக்க, நாம் தலையை ஆட்டாமல் கண்ணால் மட்டும் பின்தொடர வேண்டும். நடந்தது அழியாது. ஆனால் இப்போது இந்த நிமிஷம் நடப்பதுபோல வந்து பிடுங்குவது மெல்ல நின்றுபோகும். நாள்பட்ட பயத்துக்கும் பதற்றத்துக்கும் நிறையப் பேருக்குப் பலன் கிடைத்திருக்கிறது என்கிறார். கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. வேறு வழி தெரியாததால் போகிறேன்.

எனக்கு வேலைக்குத் திரும்ப வேண்டும், மாமா. அது ஒன்றுதான் எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை. ஆனால் அந்த அறையை நினைத்தாலே, ஹெட்போனைக் காதில் மாட்டுகிற அந்த 'டக்' சத்தம் கேட்கிறது, உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. மணிகூட அவ்வளவு மோசமில்லை. மறுமுனையில் ஒருவர் பேசாமல் இருப்பதுதான். லைன் இருக்கும், ஆள் பேச மாட்டார். அந்த மௌனம்.

என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். அழைப்புகளைப் பற்றி வெளியே சொல்லக்கூடாது.

இன்னொன்று. சிங்கக்காரன் கதையை இனி எழுதாதீர்கள். காரணம் கேட்காதீர்கள்.

அத்தையை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.


மார்ச் 2

அன்புள்ள கணீருக்கு,

சிங்க... சரி, எழுதவில்லை. என் சொத்தே அந்த ஒரு கதைதான், அதையும் ஜப்தி செய்துவிட்டாய். போகட்டும்.

ஆனால் உன் ஆலோசகர் அம்மாவிடம் ஒன்று கேள். இந்தக் கண் வைத்தியத்தை அவர் எங்கே படித்தார்? என் காருக்குள் வந்து ஒளிந்திருந்து படித்தாரா? இடது கண்ணாடி, வலது கண்ணாடி, இடது கண்ணாடி, வலது கண்ணாடி. முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தானே! தலையை ஆட்டாதே, கண்ணை மட்டும் ஓட்டு என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். என்னிடம் படித்த ஒருவருக்காவது மனக்கவலை உண்டா? ஒருவர் வீணை வித்வான் ஆகிவிட்டார். இன்னொருத்தி மூன்று பிள்ளைகளைப் பெற்றும் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். எல்லாம் கண்ணாடி பார்த்த பலன்.

இதைக் கேள். புதிதாக ஒரு பேக்கரிக்காரம்மா வந்து சேர்ந்திருக்கிறார். சொந்தமாக டெலிவரி வண்டி ஓட்ட ஆசை. முன்பு எப்போதோ சிக்னலில் நிற்கும்போது பின்னால் ஒரு பால் வண்டி வந்து இடித்துவிட்டதாம். அன்றிலிருந்து பின்னால் ஹாரன் அடித்தால் பிரேக்கிலிருந்து காலை எடுக்க மாட்டார், பச்சை விழுந்தாலும் எடுக்க மாட்டார். ஊரே எங்கள் பின்னால் நிற்கும். கிட்டத்தட்ட ஊர்வலம்தான்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு மூளையில் விளக்கு எரிந்தது. வண்டியை மரத்தடியில் நிறுத்தி, வைப்பரைப் போட்டேன். வெயில் காய்கிறது, கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, வைப்பர் கிரீச் கிரீச் என்று ஆடுகிறது. "இதைக் கண்ணாலயே பாருங்கம்மா, அந்தப் பால் வண்டியை நினைங்க" என்றேன். பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். கதவைத் திறந்துகொண்டு இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விட்டார். பாதி குணமாகிவிட்டது என்று நினைக்கிறேன். மீதிப் பாதிக்கு இன்னும் வரவில்லை.

உன் ஆலோசகர் அம்மாவுக்கு உதவியாள் வேண்டுமென்றால் சொல்.

உன் மாமா


மார்ச் 15

மாமா,

அந்த அம்மாவிடம் உடனே போய் மன்னிப்புக் கேளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அது ஆபத்து. கட்டை அவிழ்த்துவிட்டுப் புண்ணைத் திறந்த மேனிக்கு நடுரோட்டில் விட்ட மாதிரி. இங்கே முதல் சில வாரம் ஆலோசகர் விரலையே அசைக்கவில்லை. மூச்சு விடக் கற்றுக்கொடுத்தார். பயம் ஏறினால் எப்படி இறங்குவது என்று கற்றுக்கொடுத்தார். கை தூக்கினால் அந்த நொடியே நிறுத்திவிடுவேன், ஏன் என்று கேட்க மாட்டேன் என்றார். அதற்கெல்லாம் பிறகுதான் நினைவின் பக்கமே போனோம்.

மனதுக்குப் பாதுகாப்பான ஒரு இடத்தைக் கண்ணை மூடி நினைக்கச் சொன்னார். கடற்கரை, தோட்டம், மலை எல்லாம் முயன்றேன். கடற்கரையில் யாரோ போன் பேசினார்கள். தோட்டத்தில் மழை வந்தது. கடைசியில் ஒரு இடம் கிடைத்தது, அதை நினைத்ததும் தோள் தானாக இறங்கியது. எந்த இடம் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். தலைக்கு ஏறிவிடும்.

போன வாரம் முதல் தடவை விரலைப் பின்தொடர்ந்தேன். பாதியில் கையைத் தூக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துத் தூங்கினேன்.

நீங்கள் கேட்காமலே ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் வேலையில் கதையின் முன்பாதிதான் எங்களுக்கு. ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்ததும் லைனை வைத்துவிடுவார்கள். அந்த ஆள் பிழைத்தாரா, இல்லையா, யாரும் எங்களுக்குச் சொல்வதில்லை. அடுத்த மணி அடித்துவிடும். இத்தனை வருஷம் அது என்னை ஒன்றும் செய்யவில்லை. இந்த ஒரு அழைப்பு மட்டும் போகமாட்டேன் என்கிறது. அந்த ஆள் உயிரோடு இருப்பதாக மட்டும் தெரிந்தால் போதும், நான் தூங்கிவிடுவேன்.


மார்ச் 24

என் தங்கமே, கணீரே!

உட்கார்ந்துகொண்டு படி. தண்ணீர் குடித்துவிட்டுப் படி.

கடவுள் இருக்கிறார். அதுவும் என் பக்கத்து சீட்டில் இருக்கிறார். நீ சொன்னபடி பேக்கரிக்காரம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பெரிய மனசுக்காரி, திரும்ப வந்து வண்டியில் ஏறிவிட்டார். பேச்சு வாக்கில், "என் அக்கா மகள் ஆம்புலன்ஸ் போனில் வேலை செய்கிறாள்" என்றேன். அந்தம்மா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். "எந்த ஊர்?" என்றார். சொன்னேன். அப்படியே அழ ஆரம்பித்துவிட்டார்!

போன நவம்பரில் உன் ஊருக்கு மாவு மெஷின் வாங்க வந்திருக்கிறார். தங்கியிருந்த அறையில் தனியாக இருந்தபோது நெஞ்சுவலி. வெளியே பேய் மழை. போன் போட்டிருக்கிறார். மறுமுனையில் வெண்கல மணி மாதிரி ஒரு பெண் குரல். "அந்தப் பொண்ணு குரலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சார் நான் கரையேறினேன். நடுவுல மயங்கிட்டேன், பதில் சொல்ல முடியல. அது என்ன நினைச்சுதோ பாவம்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். கணீரு, அது நீதான்! வேறு யார்? அவர் இப்போது கல்லுக் கணக்காக இருக்கிறார். நேற்று ஒரு மூட்டை மாவைத் தனி ஆளாகத் தூக்கிப் போட்டார். அந்தப் பெண்ணுக்கு என் கடையில் ஆயுளுக்கும் கேக் இலவசம் என்று சொல்லச் சொன்னார்.

இனிமேல் விரலும் வேண்டாம், வைப்பரும் வேண்டாம். நிம்மதியாகத் தூங்கு. துண்டைப் பிரித்துப் போனை வெளியே எடு.

உன் மாமா


ஏப்ரல் 2

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு சந்தோஷம். அம்மாவுக்கு எழுதக் காகிதம்கூட எடுத்துவிட்டேன். பிறகு இன்னொரு தடவை படித்தேன்.

என்னைக் கூப்பிட்டவர் ஒரு ஆண்.

கொஞ்ச நாள் எனக்கு எழுதாதீர்கள்.


ஏப்ரல் 9

அன்புள்ள கணீருக்கு,

எழுதாதே என்றாய். இது கடிதம் இல்லை, விளக்கம்.

ஆண் என்று எனக்கு யாராவது சொன்னார்களா? உன் அம்மா மழை என்றாள், மத்தியானம் என்றாள். ஆணா பெண்ணா என்று வாயைத் திறக்கவில்லை. முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டு மழையைப் பற்றிப் பேசுவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

பேக்கரிக்காரம்மாவுக்கு இன்றுவரை நெஞ்சுவலி வந்ததில்லை. வந்ததெல்லாம் என் பேச்சால் தலைவலிதான் என்கிறார். ஆனால் கேக் இலவசம் என்பது உண்மை. நேற்றுத்தான் கேட்டு வாங்கி உண்மையாக்கினேன்.

நீ தூங்க வேண்டும் என்று நினைத்தேன். முடிவு இல்லாமல் ஒரு கதை உன்னை வாட்டுகிறது என்றாய். நான் கதை செய்கிறவன். என்னிடம் இருந்ததில் நல்ல முடிவாகப் பார்த்து ஒன்றை எடுத்து அனுப்பினேன். அளவு சரியில்லை.

அத்தை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். காபி மட்டும் 'டொக்' என்று மேஜையில் வந்து விழுகிறது.

மாமா


ஏப்ரல் 28

கணீரு,

நீ பதில் போடவில்லை. போட வேண்டாம்.

ஒரு சேதி மட்டும். இங்கேயும் உன் ஆலோசகர் மாதிரி ஒருவர் இருக்கிறார் என்று விசாரித்துக் கண்டுபிடித்துப் பேக்கரிக்காரம்மாவைக் கூட்டிப்போனேன். உள்ளே அவர் இருக்கிற நேரம் முழுக்க நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். வாயைத் திறப்பதில்லை. சுவரில் ஒரு மீன் படம் மாட்டியிருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த ஆலோசகர் ஒரு நாள் வெளியே வந்து, "நீங்க யாரு?" என்றார். "டிரைவிங் ஸ்கூல்" என்றேன். "அப்ப உங்களுக்குப் புரியும். நீங்க கார் சொல்லிக்கொடுக்கிற மாதிரிதான். ஸ்டீயரிங் அவங்க கையில, ரெண்டாவது பிரேக் மட்டும் என் காலடியில" என்றார். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். இதில் ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவில்லை. அவர் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் தெரிந்தது என்று எழுதத்தான் கை வந்தது. எழுதவில்லை.

நேற்று சிக்னலில் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. பச்சை விழுந்தது. அந்தம்மா காலை எடுத்தார், வண்டி போனது. அவ்வளவுதான் சேதி.

இதையெல்லாம் முதலில் தாங்கியவள் நீ என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு விம்முகிறது. தனி ஊரில், தனி அறையில், பாதியில் கையைத் தூக்கி, செருப்போடு தூங்கி, மறு வாரம் திரும்ப அதே ஆலோசகரிடம் போயிருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். நான் இத்தனை வருஷம் இட்டுக்கட்டிய வீரர்களில் ஒருவன்கூட அப்படிச் செய்ததில்லை.

மாமா


மே 16

மாமா,

கோபம் தீர்ந்துவிட்டது. எப்போது தீர்ந்தது என்று சொல்கிறேன், நடுவில் குறுக்கே பேசாமல் கேளுங்கள். கடிதத்தில் உங்களால் அது முடியும் என்று நம்புகிறேன்.

ஆலோசகர் என்னைக் கேட்டார்: "அந்த நாள்ல உங்களை ரொம்ப வாட்டுற இடம் எது? ஒரு படமா சொல்லுங்க." எங்களுக்குப் படம் ஏது, மாமா? யாரையும் பார்ப்பதில்லை, குரல்தான். சத்தமே போதும் என்றார். மௌனம் என்றேன். "அந்த மௌனத்துல நீங்க உங்களைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்றார். அப்போதுதான் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். யார், எங்கே என்பதை விட்டுவிட்டு உங்களுக்கும் சொல்கிறேன்.

வயதானவர். தனியாக இருக்கிறார், நெஞ்சுவலி, கதவு உள்ளே பூட்டியிருக்கிறது, எழுந்திருக்க முடியவில்லை. வண்டி கிளம்பிவிட்டது, மழையில் மெல்ல வருகிறது. நான் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. அவர் சொன்னார்: "பேசிட்டே இரும்மா. சும்மா இருந்தா பயமா இருக்கு." எனக்கு வாயில் வேறெதுவும் வரவில்லை. உங்கள் சிங்கக்காரன்தான் வந்தான். லாரியிடம் பேசியது, சிங்கம் பின் சீட்டிலிருந்து கை காட்டியது, எல்லாம் சொன்னேன். நடுவில் அந்தப் பக்கம் சத்தம் நின்றுபோனது. நான் நிறுத்தாமல் பேசினேன். கதவு உடைகிற சத்தம் கேட்டது. யாரோ போனை எடுத்து, "வந்துட்டோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எங்கள் அழைப்புகள் எல்லாம் பதிவாகும். பதிவைக் கேட்ட எங்கள் ஷிப்ட் மேற்பார்வை மேடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாததே என்னைக் கொன்றது. சாகக் கிடந்த மனிதரிடம் கோமாளிக் கதை சொன்னவள். அதுதான் நான் என்னைப் பற்றி நினைத்தது. இப்போது புரிகிறதா, ஏன் அந்தக் கதையை எழுத வேண்டாம் என்றேன் என்று?

விரல் போகும், கண் கூடவே போகும். நிறுத்தி, மூச்சு விடச் சொல்லி, "இப்ப என்ன வருது?" என்பார். "மழைச் சத்தம்." "அதோடயே போங்க." மறுபடி விரல். "இப்ப?" "உள்ளங்கை வேர்க்குது." "அதோடயே போங்க." அவர் விளக்கம் சொல்லவே இல்லை, ஆறுதலும் சொல்லவில்லை. நான் எங்கே போகிறேனோ கூடவே வந்தார். ஒரு தடவை "என் குரல் கேட்குது" என்றேன். எனக்கே ஆச்சரியம், என் குரல் நடுங்கவே இல்லை. நான் பதறிப்போய் உளறினேன் என்று இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியே நீங்கள் பேசுகிற மாதிரி, ரவுண்டானா வரும்போது வேண்டுமென்றே குரலை இன்னும் இறக்கிக்கொண்டு பேசுவீர்களே, அந்த மாதிரி இருந்தது. அப்போதுதான் உங்கள் தொழில் ரகசியம் எனக்குப் பிடிபட்டது. பயந்தவனுக்கு லாரி தெரியாமல் இருக்கத்தானே நீங்கள் கதை சொல்வீர்கள்? வாய் கதை சொல்லும், கால் பிரேக்கில் இருக்கும்.

அடுத்த சுற்றில் அது வந்தது.

சிங்கம் கையை நீட்டியது என்று சொல்லிவிட்டு நான் மூச்சு வாங்க நிறுத்தினேன். போனில் அந்தப் பெரியவர் சிரித்தார், மாமா. மூச்சிலேயே, சத்தமில்லாமல் ஒரு சிரிப்பு. சிரித்துவிட்டு, "அப்புறம்?" என்று கேட்டார்.

அதை நான் அடியோடு மறந்திருந்தேன். பின்னால் வந்த மௌனம் அதை மூடிவிட்டிருந்தது. ஆலோசகர் அறையில் நான் அழுதேன், ஆனால் வேறு மாதிரி அழுகை. அவர் காத்திருந்துவிட்டு, "இப்ப உங்களைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்றார். "கூட இருந்தேன்" என்றேன். அதற்கு மேல் சொல்லத் தோன்றவில்லை.

உங்கள் மேல் கோபம் அங்கேதான் போயிருக்க வேண்டும். தெருவுக்கு வந்து தேடினேன், இல்லை.

ஒரே நாளில் எல்லாம் சரியாகவில்லை. பிறகும் பல தடவை போனேன், இன்னும் போகிறேன். அந்தப் பெரியவர் பிழைத்தாரா என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. ஆனால் தெரியாமலே தூங்க முடிகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் கண்டுபிடித்த பாதுகாப்பான இடம் உங்கள் காரின் பின் சீட். கிழிந்த உறை, பெட்ரோல் வாடை, முன்னால் யாரோ ஒருவர் பயந்து பயந்து ஓட்ட, அவர் பக்கத்து சீட்டில் உங்கள் பிடரி. இந்த வண்டிக்கு ரெண்டு பிரேக் என்று நீங்கள் சொல்வீர்களே, அதை அப்போதே நம்பிவிட்டேன் போல.

மே 24, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனைத் துண்டிலிருந்து எடுத்து மேஜைமேல் வைக்கப் போகிறேன். நீங்கள் கூப்பிடுங்கள். எடுத்துவிட்டால் மறுநாளே வேலைக்குத் திரும்புகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். எடுக்காவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எடுத்தால், சிங்கக்காரன் கதை வேண்டும். முழுக்கப் பொய்யாக.

உங்கள் கணீரு


மே 25

என் வீரத் திருமகளுக்கு,

பாதுகாப்பான இடம் எழுதிக்கொள்வது.

ஆமாம், தலைக்கு ஏறிவிட்டது. காரின் பின் சீட்டுக்குப் புது உறை போடலாம் என்றிருந்தேன், இனி அந்தக் கிழிசலில் யாரும் கை வைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறேன். உன் மேல் சத்தியமாக, படிக்க வருகிறவர்கள் இப்போது முதலில் பின் சீட்டைத்தான் பார்க்கிறார்கள். இரண்டு பேர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சரி, ஒருவர்.

நேற்று நடந்ததைப் பற்றி உனக்கு நான் சரியான விவரம் தர வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உன் அத்தையும் அம்மாவும் வேறு மாதிரி எழுதுவார்கள்.

நான் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டுதான் போனுக்கு முன்னால் உட்கார்ந்தேன். கதையைப் புதுப்பித்து வைத்திருந்தேன். சிங்கத்துக்கு லைசென்ஸ் கிடைக்கிறது, போட்டோவில் பிடரியை வாரிவிட்டு உட்கார்ந்திருக்கிறது, அதிகாரி கையெழுத்துக் கேட்கிறார், அது கையை வைத்து அமுக்குகிறது. பிரமாதமான முடிவு. எண்ணை அழுத்தினேன். மணி போனது. போனது. போய்க்கொண்டே இருந்தது. உன் அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். அத்தை, "வெச்சிடுங்க, பாவம் புள்ளை" என்றாள்.

அப்போது நீ எடுத்தாய்.

"மாமா, சொல்லுங்க" என்றாய். எத்தனை மாதம் ஆயிற்று அந்தக் குரலைக் கேட்டு! தெளிவாக, கணீரென்று, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. அந்த நேரம் பார்த்து, என்ன சொல்ல, போனில் கோளாறு. என் பக்கத்துச் சத்தம் உனக்குப் போகவில்லை. வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது. முப்பது வருஷமாக மூடாத வாய். அத்தை என் முதுகில் ஒரு குத்து விட்டாள். ம்ஹூம், போன் சரியாகவில்லை.

லைன் இருக்கிறது, ஆள் பேசவில்லை. உனக்கு எது ஆகாதோ அதையே செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. போனை வைக்கவும் பயம், பிடித்திருக்கவும் பயம். நீ அந்தப் பக்கம் குளியலறைக்கு ஓடிவிடுவாய் என்று நினைத்தேன்.

நீ ஓடவில்லை. ஒரு மூச்சு இழுத்தது கேட்டது. பிறகு, அம்மாடி, அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. அதுதான் நீ வேலையில் பேசுகிற குரல் என்று நினைக்கிறேன். "மாமா, லைன்ல இருக்கீங்கன்னு எனக்குத் தெரியுது. பேச வேண்டாம். மெதுவா மூச்சு விடுங்க. நான் எங்கயும் போகல, இங்கதான் இருக்கேன். நான் சொல்றேன், நீங்க கேளுங்க" என்றாய். ஊரில் முழுசாக எத்தனை உயிர் இருக்கிறதோ அத்தனையும் அந்தத் தொண்டையில் நிற்கிறது என்று இன்று காலையில் திருத்திச் சொல்லிவிட்டேன். இந்த முறை நான் எதையும் கூட்டவில்லை.

அப்புறம் நீ சொன்னாய். சர்க்கஸ், ரவுண்டானா, லாரி, உட்காரு ராஜா. என் கதையை எனக்கே. நான் சொல்வதைவிட நன்றாகச் சொல்கிறாய் என்று எழுத எனக்கு மனசில்லை, ஆனால் உன் அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். சிங்கம் கையை வெளியே நீட்டியது. அங்கே வந்து நீ மூச்சு வாங்க நிறுத்தினாய்.

இடையில் தொண்டை அடைத்த மாதிரி யாரோ, "அப்புறம்?" என்று கேட்டது உனக்குக் கேட்டிருக்கும். அது நான்தான்.

மற்றதெல்லாம் போன் கோளாறு.

உன் மாமா